ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால்



ஸ்கேன் மையங்களில் ஃபிலிமை இட்டுத் தரும் பெரிய உறை நம்மில் பலர் வீட்டு அலமாரியின் மேல் இருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் திண்ணையில் நான் அமர்ந்திருந்தேன். அப்படிப்பட்ட உறை ஒன்றைக் கையில் ஏந்தியபடி ஒரு தாயும் அவருடைய தம்பியும் வந்தார்கள். அந்தத் தாயின் மகன் என் மாணவன். அப்போது அவனுக்கு வயது 17. குர்ஆனில் 22 ஜுஸ்வு மனனம் முடித்திருந்தான். குரல் வளமும் இருந்தது. ரமளானில் அவனை இமாமுக்குப் பின்னால் நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மாதங்களாக அவன் அவனாக இல்லை. இரவில் உறங்குவதில்லை. ஓதிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, யாரோ அழைத்ததைப் போல மூலையைப் பார்ப்பான். தன் தட்டில் மற்ற மாணவர்கள் எதையோ கலக்கிறார்கள் என்று சொல்லிச் சாப்பிட மறுத்தான். நான் வகுப்பில் ஓதும் ஆயத்துகள் தன்னைக் குறிவைத்தே ஓதப்படுகின்றன என்றும் ஒரு நாள் சொன்னான். ஊர் டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, மூளை ஸ்கேன் எடுக்கும்படியும் மனநல மருத்துவரைப் பார்க்கும்படியும் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டார் மதுரைக்கு அழைத்துப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு இயல்பு என்று வந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கவில்லை.

"ஹஜ்ரத், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அப்படியானால் இது வேறு கோளாறுதானே?" என்று கேட்டார் அந்தத் தாய்.

நான் ஃபிலிமை வாங்கி ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அதைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். ஹஜ்ரத் பார்ப்பார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், மூளையில் ஒரு குறையும் இல்லை. ஓதிப் பார்ப்போம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு விலையாக எட்டு மாதங்கள் போயின. தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். வேறு ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்துத் தகடு எழுதினார்கள். பையன் மெலிந்துகொண்டே போனான். ஒரு நாள் சுபுஹுக்கு முன் வீட்டைவிட்டுப் போனவனை, மூன்றாம் நாள் பரமக்குடி பேருந்து நிலையத்தில், செருப்பில்லாத காலில் புண்களோடு கண்டெடுத்தோம். அதன் பிறகுதான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். நானும் உடன் சென்றேன்.

அங்கிருந்த டாக்டரம்மா ஸ்கேன் அறிக்கையை வாங்கி ஒரு நிமிடம் வாசித்தார். "கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை. நல்லது. இதற்கு மேல் இந்தத் தாள் எனக்கு எதுவும் சொல்லாது. இனி நான் அவனோடு பேச வேண்டும்" என்று சொல்லி அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். தூக்கம், பசி, காதில் விழும் குரல்கள், அவை எத்தனை, அவை அவனைத் திட்டுகின்றனவா, ஏதேனும் செய்யச் சொல்கின்றனவா, இது எப்போது தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எட்டு மாதங்களில் நான் அவனிடம் கேட்காத கேள்விகள் அவை.

என் தவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே உறையோடு இதே கேள்வியைக் கேட்டு இன்றும் மூன்று மாதத்துக்கு ஒரு குடும்பமாவது என்னிடம் வருகிறது. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்ற சொல் நம் வீடுகளில் இரண்டு வழிகளில் திரிந்துபோகிறது. ஒரு சாரார், அப்படியானால் ஜின் என்றோ ஸிஹ்ர் என்றோ முடிவு கட்டுகிறார்கள். மற்றொரு சாரார், அப்படியானால் பையன் நடிக்கிறான், படிக்கச் சோம்பல், இரண்டு அடி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டாவது முதலாவதை விடக் கொடியது என்று நான் எண்ணுகிறேன். எப்படியானாலும் மருத்துவம் நின்றுவிடுகிறது.

சைக்கோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நிலை, பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. இல்லாத குரல்கள் கேட்கும். ஆதாரமற்ற ஐயங்கள் அசைக்க முடியாத நம்பிக்கைகளாக உறைந்துவிடும். பேச்சும் எண்ணமும் கோவை இழக்கும். அது ஒரு முறை வந்து நீங்கவும் கூடும். சிலருக்கு மனச்சிதைவு நோயாகத் தொடரவும் கூடும். இதை எந்த மருத்துவரும் ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நோயாளியோடும் குடும்பத்தாரோடும் பேசி, நடத்தையைக் கவனித்து, சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தே முடிவு செய்கிறார்கள். உலகெங்கும் இன்று வரை இதுதான் முறை.

அப்படியானால் ஸ்கேன் எதைக் காட்டுகிறது? மதரஸாவின் கட்டடத்தைப் புகைப்படம் எடுத்தால் சுவரில் விரிசல் இருப்பது தெரியும், கூரை ஒழுகிய கறை தெரியும். உள்ளே பாடம் ஒழுங்காக நடக்கிறதா, உஸ்தாதுக்கும் மாணவர்களுக்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. நாம் எடுக்கும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் மூளையின் கட்டடத்தைக் காட்டுபவை. கட்டி, இரத்தக் கசிவு, பழைய காயத்தின் தழும்பு, நீர் கோத்தல் ஆகியவற்றைத் துல்லியமாகக் காட்டிவிடும். குரல் கேட்பதும் ஐயம் உறைவதும் மூளைக்குள் நடக்கும் பாடத்தில், அதாவது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் முறையில் ஏற்படும் குழப்பம். டோபமின் என்னும் வேதிப்பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. மருந்துகள் பெரும்பாலும் அதன் மீதே வேலை செய்கின்றன.

இந்த நோயில் மூளையின் கட்டடத்தில் மாற்றமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1976-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ முதலியோர், அக்காலத்தில் புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனைக் கொண்டு, நெடுங்காலமாக மனச்சிதைவோடு வாழ்ந்தவர்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் உள்ளறைகள் அவர்களுக்கு மற்றவர்களை விடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அதன் பிறகு வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைத் தொடர்ந்து காட்டியுள்ளன. ஆனால் அவை எல்லாம் கூட்டத்தின் சராசரி. ஓர் ஊராரின் சராசரி உயரம் பக்கத்து ஊராரை விட அரை அங்குலம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு, சாலையில் எதிரே வரும் ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிட முடியுமா? நோயுள்ள பலருடைய மூளைப் படம் நோயில்லாதவருடையதைப் போலவே இருக்கிறது. நோயே இல்லாத சிலருக்கு உள்ளறை பெரிதாக இருக்கிறது. எனவே தனி ஒருவனின் ஸ்கேனை வைத்து, நோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இதில் எனக்கு வெட்கம் தரும் செய்தி ஒன்று இருக்கிறது. ஒன்றைத் தேடிக் கிடைக்கவில்லை என்பது, அது இல்லவே இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்ற விதியை ஒவ்வோர் ஆண்டும் நானே மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். தயம்மும் பாடம் வரும்போது இதற்கு உதாரணமும் சொல்வேன்: வீட்டில் இருக்கும் ஒரு குடத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று மண்ணைத் தடவிக்கொள்பவனின் தயம்மும் கூடுமா என்று கேட்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தத் திண்ணையில் நான் செய்தது அதைத்தான். ஸ்கேனில் மனச்சிதைவும் தெரியாது, ஜின்னும் தெரியாது. ஒன்று தெரியாததை மற்றொன்று இருப்பதற்கு ஆதாரமாக்கினேன். என் மாணவன் ஒருவன் தேர்வுத்தாளில் இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் தந்திருக்க மாட்டேன்.

ஜின் இனத்தின் இருப்பை நாம் நம்புகிறோம். அது குர்ஆன் சொல்வது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஓதிப் பார்ப்பதும் நபிவழியில் உள்ளதே. ஆனால் இன்ன பையனுக்கு இப்போது வந்திருப்பது இன்னதுதான் என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கு அருளப்படவில்லை. நோயாளி நோன்பை விடலாமா என்ற கேள்வி வந்தால், நம்பகமான மருத்துவரின் சொல்லை ஏற்கும்படி நம் ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு நாம் அப்படியே பதில் சொல்கிறோம். மனநோயாளி என்று வந்துவிட்டால் மட்டும் நாமே மருத்துவர் ஆகிவிடுகிறோம்.

முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். அலெப்போ நகரில் 1354-இல் எழுப்பப்பட்ட அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. நடுவே நீர்த்தடாகமும் முற்றமும் அமைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தை இன்றும் காணலாம். அந்தச் சமுதாயம் இறைநம்பிக்கையில் நம்மை விடக் குறைந்ததன்று.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியலில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்குச் செல்வது பற்றிய கருத்து வேறுபாட்டை நான் இங்கே இழுக்க விரும்பவில்லை. இறந்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்லர். எங்கேயோ ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர், இது மருத்துவத்தில் சேராது என்று அவர்களிடம் சொல்லியிருப்பார். நான் சொன்னதைப் போல. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சங்கிலிக்கு முந்தைய கட்டத்தைச் சட்டத்தால் தடுக்க முடியாது.

இவ்வளவும் சொன்னதால் ஸ்கேன் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுங்கள். அதன் பயன் வேறு: சைக்கோசிஸைக் கண்டுபிடிப்பதற்காக அதை எடுப்பதில்லை; சைக்கோசிஸைப் போல வேடமிட்டு வரும் மற்ற நோய்களை விலக்குவதற்காக எடுக்கிறார்கள். மூளைக்கட்டியும் மூளையழற்சியும் சில வேளைகளில் முதலில் மனநோயின் உருவில்தான் வரும்.

நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் கட்டி உண்டாகும் நோயும் உண்டு. அது பெரும்பாலும் வலிப்பாக வெளிப்படும். அரிதாக மனக்குழப்பமாகவும் வரும். "நாம் பன்றி இறைச்சி உண்பதில்லையே, நமக்கு அது எப்படி வரும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பன்றி இறைச்சியை உண்டவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. அந்தப் புழுவின் முட்டைகள் அவர் மலத்தின் வழியாக வெளியேறி, கழுவாத கீரை, தூய்மையற்ற நீர், கழுவாத கை ஆகியவற்றின் மூலம் மற்றவர் வயிற்றுக்குள் சென்றால், மூளையில் கட்டி அவருக்கு வரும். வாழ்நாளில் அந்த இறைச்சியைத் தொடாதவருக்கும் வரும். இதை ஸ்கேன் காட்டிவிடும்.

முதல் முறை சைக்கோசிஸ் வந்த எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. பிரிட்டனின் 'நைஸ்' என்னும் அமைப்பு 2008-இல் ஆராய்ந்து, வழக்கமாக எல்லோருக்கும் எடுப்பதற்குப் பரிந்துரைக்க இயலாது என்றது. 2023-இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு வேறு திசையைக் காட்டியது. 12 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,613 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 100-க்கு 26 பேருக்கு ஏதோ ஒரு மாறுபாடு தெரிந்தது. ஆனால் மருத்துவத்தின் போக்கையே மாற்ற வேண்டிய அளவுக்கு இருந்தது 100-க்கு ஏறத்தாழ 6 பேருக்கு மட்டுமே.

இந்த இரு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆறு பேர் என்பது சிறிய எண் அன்று. அந்த ஆறில் ஒருவர் நம் பிள்ளையாக இருந்தால் நமக்கு அதுவே நூறு. ஆகவே முதல் முறை ஒரு ஸ்கேன் எடுப்பது நியாயமே என்பது என் கருத்து. மறுபக்கம், மீதி 20 பேருக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நோயோடு தொடர்பற்ற சிறு புள்ளிகளும் பிறவியிலேயே அமைந்த சிறு வேறுபாடுகளும்தான். அத்தகைய புள்ளி ஒன்று அறிக்கையில் வந்துவிட்டால் வீடே கலங்கிவிடுகிறது. ஒரு தந்தை அறிக்கையில் கண்ட ஒரு சொல்லைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு மூன்று நாள் உறங்காமல் இருந்தார். அறிக்கையில் எழுதியிருப்பது உங்களுக்காக எழுதப்பட்டதன்று, மருத்துவருக்காக எழுதப்பட்டது. அவரிடமே பொருளைக் கேளுங்கள்.

காய்ச்சலோடு குழப்பம் வந்தால், வலிப்பு வந்தால், தலையில் அடிபட்ட பின் தொடங்கினால், கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால், கடும் தலைவலியோடு வாந்தி இருந்தால், ஓரிரு நாளிலேயே ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறினால், ஸ்கேனைப் பற்றி யோசித்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அதே வேளையில், ஸ்கேன் இயல்பாக இருந்தும் உள்ளே வேறு நோய் இருக்கக் கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2009-இல் சூசன்னா கஹலன் என்னும் 24 வயது இளம்பெண், நியூயார்க் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர், சில வாரங்களில் முற்றிலும் மாறிப்போனார். பிறர் தமக்கு எதிராகச் சதி செய்வதாக எண்ணினார், இல்லாததெல்லாம் கண்டார், வலிப்பும் வந்தது. எம்.ஆர்.ஐ. இயல்பு. சி.டி. இயல்பு. மனநோய் என்றும் குடிப்பழக்கம் என்றும் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். கடைசியில் சிரியாவில் பிறந்த ஸுஹைல் நஜ்ஜார் என்னும் நரம்பியல் மருத்துவர் வந்தார். ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையும்படி சொன்னார். அந்தப் பெண் வட்டம் வரைந்து, 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலப்பாதியிலேயே எழுதி வைத்தார். இடப்பாதி வெறுமையாக இருந்தது. மூளையின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறது என்று அதிலிருந்து அவர் கணித்தார். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி அது. 2007-இல்தான் ஜோசப் டால்மாவ் என்பவர் அதை இனங்கண்டிருந்தார். சிகிச்சைக்குப் பின் அந்தப் பெண் குணமடைந்து, 2012-இல் தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார்.

பல இலட்சம் டாலர் மதிப்புள்ள இயந்திரத்துக்குத் தெரியாதது ஒரு தாளில் தெரிந்தது. இந்த நோய் அரிதானது. நம் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இது அன்று. இதை இங்கே சொல்வது, நோயாளியின் அருகே அமர்ந்து கவனிக்கும் மருத்துவரை நீங்கள் தேட வேண்டும் என்பதற்காக. ஊருக்கு ஊர் ஸ்கேன் மையத்தைத் தேடி அலையும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். ஒருவர் தம் மகளுக்கு ஒன்றரை ஆண்டில் நான்கு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தார். ஒவ்வொரு முறையும் ஐயாயிரம், ஆறாயிரம். அந்த நான்கு ஸ்கேனுக்கும் நடுவே மருந்து ஒரு மாதம் கூடத் தொடர்ந்து கொடுக்கப்படவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படத்தில் காட்டக்கூடிய நோயாக இருந்தால் சம்பந்தி வீட்டாரிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம் என்ற ஆசைதான் அவரை அலைய வைத்தது. மகளுக்கு மூளையில் கட்டி என்றால் ஊரே துஆ செய்யும். மனநோய் என்றால் ஊர் வேறு மாதிரி பார்க்கும். இந்தப் பழி நம் மீது, ஊரார் மீது.

நாள் கடத்துவதில்தான் பெரும் இழப்பு இருக்கிறது. சைக்கோசிஸ் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடைப்பட்ட காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. என் மாணவனின் எட்டு மாதங்களை நான் இந்தக் கணக்கில்தான் எண்ணுகிறேன். ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவில்லை, பணம் புரளவில்லை என்பதற்காக மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேன் பின்னர் எடுக்கலாம். முதலில் யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், 14416 என்ற அரசின் டெலிமனஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

நம்மிடம் இருக்கும் ஒரு பெரும் பலத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், கனடாவின் மான்ட்ரியால் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து, முதல் முறை சைக்கோசிஸ் வந்த இளைஞர்களை இரு நகரங்களிலும் தொடர்ந்து கவனித்தது. சென்னையில் குடும்பத்தார் கூடுதலாக உடன் நின்றார்கள். இடையில் சிகிச்சையை விட்டுப் போனவர்களும் சென்னையில் குறைவு. பணமும் வசதியும் மிகுந்த நாட்டை விட இந்த ஒன்றில் நம் உம்மாக்களும் மாமாக்களும் முந்தியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைப் பல வேளைகளில் ஓர் ஆலிமின் வாய்ச்சொல் முடிவு செய்கிறது. ஆலிம் நண்பர்களே, உங்களிடம் அந்த உறை வந்தால் தயவுசெய்து ட்யூப்லைட்டில் தூக்கிப் பார்க்காதீர்கள். எந்த மனநல மருத்துவரைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் முதலில் அங்கே அனுப்புங்கள். முடிந்தால் கூடவே செல்லுங்கள். ஓதுவதை மருத்துவமனையின் காத்திருப்பு பெஞ்சில் அமர்ந்தும் ஓதலாம்.

ஸ்கேன் எடுக்கப் போகும் பிள்ளையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் இல்லை. அது காந்தத்தால் இயங்குவது. ஆகையால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. என் மாணவனை அழைத்துச் சென்றபோது அவன் அரையிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவன் உம்மா மறுத்து அழுதிருக்கிறார். அதைக் கழற்றினால்தான் ஆபத்து என்பது அவர் எண்ணம். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தபின், பையன் தானே அதை அவிழ்த்து உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனானாம். குழாய் போன்ற அந்த இடத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரம் சம்மட்டியால் அடிப்பதைப் போல ஒலி எழுப்பும். ஏற்கெனவே குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒலி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தன் பெயரை யாரோ இடித்து இடித்துச் சொல்வதைப் போல இருந்தது என்று அவன் பின்னாளில் என்னிடம் சொன்னான். ஒலி வரும், அது இயந்திரத்தின் ஒலிதான், முடியும் வரை நான் வெளியே இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துப்போங்கள். உள்ளே போகும்போது கையில் ஓர் அழைப்பு மணி தருவார்கள். அதைப் பற்றியும் சொல்லிவையுங்கள்.

இப்போது அவனுக்கு வயது 21. மருந்து தொடர்கிறது. குரல்கள் முதல் இரண்டு மாதங்களிலேயே மங்கத் தொடங்கின. முழுவதும் போகவில்லை என்கிறான், ஆனால் அவை தன்னை ஆட்டுவதில்லை என்கிறான். ஹிஃப்ழைத் தொடர முடியவில்லை. 22 ஜுஸ்வில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. அவனாகச் சில நாள் மாலையில் வந்து ஒரு பக்கம் ஓதிக் காட்டிவிட்டுப் போவான். மாமாவின் துணிக்கடையில் பில் எழுதுகிறான். சென்ற ஆண்டு ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்த அவன் வாப்பா, நோய் எவ்வளவு தூரம் நீங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டார். டாக்டரம்மாவிடமே கேட்கச் சொன்னேன். அவர், "நன்றாகத் தூங்குகிறானா? வேலைக்குப் போகிறானா? உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானா?" என்று கேட்டுவிட்டு, ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

இதை எழுதும் முன் அவனிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் யோசித்தான். "எழுதுங்கள் ஹஜ்ரத். பெயர் போட வேண்டாம். அந்த மெஷினுக்குள் நான் அழவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்" என்றான்.

அழவில்லை.